பூஜ்ய நொடியில் அமுக்கும் ஆள்

பிப்ரவரி 4

அன்புள்ள வாலு,

ஊர் போய்ச் சேர்ந்ததைப் போனில் சொன்னாய் என்று நினைக்கிறேன். "அண்ணி" என்ற சொல் மட்டும்தான் எனக்குக் கேட்டது. மிச்சமெல்லாம் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டியது மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் வகுப்பறைக் கூச்சலைக் கேட்ட காது, நானும் ஓய்வு பெறுகிறேன் என்று சொல்லிவிட்டது. இனிமேல் நமக்குள் கடிதம்தான். நீயும் எழுது. நாலு வரியில் முடித்தால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன்.

முதலில் என் நன்றி. அண்ணனின் ஆலையில் வேலையாக வந்த இரண்டு நாளில் சமையலறைக் குழாயின் சொட்டை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாய். உன் அண்ணன் "நாளைக்குப் பார்க்கிறேன்" என்று சொல்லத் தொடங்கியபோது பக்கத்து வீட்டுக் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. இப்போது அது பள்ளிக்கூடம் போகிறது.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. வாசல் காவலாளி முதல் கேண்டீனில் டீ ஊற்றுகிறவர் வரைக்கும் "என் தங்கச்சி. எங்க டிரம்முக்குக் கம்ப்யூட்டர்ல தீ வச்சுப் பார்க்க வந்திருக்கா" என்று சொல்லியிருக்கிறார். நேற்று உன் அறிக்கை வந்ததாம். "டிரம் பாஸ் பண்ணிடுச்சு" என்று, பெற்ற பிள்ளை பாஸான மாதிரி சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார்.

சாப்பிடும்போது ஒன்றைச் சொல்லிச் சிரித்தார். தீ பிடித்ததும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் சிவப்புப் பொத்தானைப் பூஜ்ய நொடியில் அமுக்கிவிடுவதாக எழுதியிருக்கிறாயாமே.

"அப்படி ஒரு ஆள் இந்த உலகத்துலயே கிடையாது. அவ கணக்குக்குள்ளயே பொறந்து அங்கயே வளர்ந்த ஆள் அவன்," என்றார். "எங்க ஆளுங்க ஷிஃப்ட் பொறுப்புல இருக்கற என்னைக் கேட்டுட்டுத்தான் அமுக்குவாங்க. நம்ம கேள்வியை எடுத்துக்கோ. டீ குடிக்கப் போகவே என்னைக் கேட்பான்."

கேள்வியை நீ பார்த்திருப்பாய். கட்டுப்பாட்டு அறையில் தடித்த கண்ணாடி போட்டு, அதைச் சட்டை நுனியால் ஓயாமல் துடைத்துக்கொண்டிருப்பவர். உன் அண்ணனைவிட இரண்டு வயது மூத்தவர். எதற்கெடுத்தாலும் "செய்யலாமா சார்?" என்று கேட்பதால் அந்தப் பெயர்.

எனக்கும் ஒரு கேள்வி. கணினிக்குள் தீயை எப்படி வைக்கிறாய்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணிக்கு,

சம்பளம் வாங்கிக்கொண்டு தீ வைக்கிற வேலை என்னுடையது. யாரும் போலீசைக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

அண்ணனின் டிரம்மை ஒரு பேருந்து படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பாதி எண்ணெய். அதற்கு மேல், நெருக்கி அடைத்த வாயு. பக்கத்துப் பம்பில் எண்ணெய் கசிந்து அடியில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பது கேள்வி. நிஜமாகக் கொளுத்திப் பார்க்க முடியாதே. அதனால் இரும்பின் தடிமன், எண்ணெயின் அளவு, வால்வின் துவாரம் எல்லாவற்றையும் கணினிக்குச் சொல்லிவிட்டு, ஒரு நொடிக்கு மட்டும் கணக்குப் போடச் சொல்கிறேன். அந்த நொடியில் எவ்வளவு சூடு உள்ளே வந்தது, எவ்வளவு எண்ணெய் கொதித்து வாயுவானது, எவ்வளவு வெளியே போனது. வருகிற விடையை அடுத்த நொடியிடம் கொடுக்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை வாய்ப்பாட்டில் ஒரு வரி சொல்லி உட்கார, அடுத்த பிள்ளை எழுந்து அடுத்த வரியைச் சொல்வாளே, அதே மாதிரிதான். எங்காவது ஒருத்தி தப்பாகச் சொன்னால் அதற்குப் பின்னால் எல்லாமே தப்பு.

சிவப்புப் பொத்தானை அமுக்கினால் ஒரு வால்வு திறக்கும். டிரம்மில் இருக்கும் வாயு உயரமான குழாய்க்குப் போய், அதன் உச்சியில் யாருக்கும் தொந்தரவில்லாமல் எரிந்து தீரும். கால் மணி நேரத்தில் டிரம்மின் மூச்சு அடங்கிவிடும். பாஸ் ஆனது இதில்தான். அதுவும் ஜஸ்ட் பாஸ்.

அண்ணன் என்னைக் காவலாளியிடம் அறிமுகப்படுத்தியபோது எனக்குப் பழைய நாட்கள்தான் ஞாபகம் வந்தன. நான் கல்லூரி முடிக்கும்வரை அவர் தன் ஷிஃப்டோடு மற்றவர்களின் ராத்திரி ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்தார். நீங்கள் அவருக்குப் பகலில் ஜன்னலைப் போர்வையால் மூடித் தூங்கவைப்பீர்கள். நான் எழுதுகிற ஒவ்வொரு அறிக்கைக்கும் கீழே அந்தப் போர்வை இருக்கிறது, அண்ணி.

ஆனால் அவர் சிரித்தது எனக்கு உறைத்தது. பூஜ்யம் என்று நான் யோசித்துப் போடவில்லை. எல்லாரும் போடுவதால் போட்டேன். நிஜமாகவே கேட்டுவிட்டுத்தான் அமுக்குவார்களா? ஏன்?

வாலு


பிப்ரவரி 24

அன்புள்ள வாலு,

உன் வாய்ப்பாட்டு உதாரணத்துக்கு முழு மதிப்பெண். கையெழுத்துக்குத்தான் கழித்திருக்கிறேன்.

நீ கேட்டதை உன் அண்ணனிடம் கேட்டேன். சொல்லக் கேட்டு எனக்கு அவர்மேல் இன்னும் மரியாதை கூடிவிட்டது.

கேள்வி அந்த நாற்காலிக்கு வந்த புதிதில் ஒருநாள் அபாய மணி அடித்திருக்கிறது. மனிதர் உடனே பொத்தானை அமுக்கிவிட்டார். பார்த்தால் தீயுமில்லை, புகையுமில்லை. மணிதான் பழுது. இருந்த வாயுவெல்லாம் குழாய் வழியாகப் போய், உச்சியில் தீ ஒரு கட்டட உயரத்துக்கு எழும்பி, சுற்றுவட்டாரத்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்ததாம். ஆலை ஒரு வாரம் நின்றது. அப்போதிருந்த மேலாளர் அவரை முற்றத்தில் எல்லார் முன்னாலும் நிற்கவைத்து, "யாரைக் கேட்டு அமுக்கின?" என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்துதான் கேள்வி எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுச் செய்கிறார்.

உன் அண்ணன் அன்றைக்கே தன் ஆட்களைக் கூப்பிட்டு, "இனிமே என்னைக் கேட்டுட்டு அமுக்குங்க. தப்பாப் போனா, அவர்தான் சொன்னார்னு என்னைக் கை காட்டுங்க. எவனையும் முற்றத்துல நிக்க விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவர் ஆரம்பித்ததுதான் இப்போது எல்லா ஷிஃப்டிலும் வழக்கம்.

எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். "நான் ரூம்ல இருந்தா உடனே. வெளியில இருந்தா வாக்கி டாக்கியில பிடிக்கணும். பம்பு சத்தத்துல நாலஞ்சு நிமிஷம்கூட ஆகும். அதுக்கென்ன?" என்றார்.

உனக்கு இப்படி ஒரு அண்ணன்.

அண்ணி


மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். அண்ணனை நினைத்து நெஞ்சு நிறைந்தது. அதே கடிதம் என்னைத் திரும்பக் கணினி முன்னால் உட்காரவைத்தது.

பூஜ்யத்தை எடுத்துவிட்டு, அவர் சொன்ன நிமிஷங்களைப் போட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தேன். விடையை இங்கே எழுத எனக்குத் தைரியமில்லை. முதலில் அண்ணனிடம் பேசத்தான் போன் செய்தேன். "நாலு நிமிஷத்துல என்னடி ஆயிடப் போகுது? நீ பாவாடை கட்டின காலத்துலேர்ந்து ஓட்டறேன்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். மறுநாளும் செய்தேன். அப்போதும் சிரித்தார்.

நான் ஒரு வேலை செய்தாக வேண்டும். செய்தால் உங்களுக்கு என்மேல் கோபம் வரும். செய்யாவிட்டால் எனக்கே என்மேல் வரும்.

வாலு


மார்ச் 25

நாத்தனாருக்கு,

நீ அனுப்பிய இரண்டாவது அறிக்கையை நேற்று ஆலையில் கூட்டம் போட்டுப் படித்தார்களாம். முதலில் பாஸான டிரம் இப்போது ஃபெயில். காரணம் என்று நீ எழுதியிருப்பது, "ஷிஃப்ட் பொறுப்பாளரைக் கேட்டுவிட்டு அமுக்கும் வழக்கம்."

புது மேலாளர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "இந்த வழக்கத்தை யார் ஆரம்பிச்சது?" என்று கேட்டிருக்கிறார். கேள்வி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். உன் அண்ணன் எழுந்து நின்று, "நான்தான்" என்றிருக்கிறார். எவனையும் நிற்கவிட மாட்டேன் என்று சொன்ன மனிதர், அத்தனை பேருக்கு நடுவில் தான் நின்றுவிட்டு வந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நான் ராத்திரி ஷிஃப்ட் பார்த்து வாங்கிக்கொடுத்த படிப்பு. கடைசியில என் தலையிலயே வந்து உட்கார்ந்துடுச்சு," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்டுல பேசினது மீட்டிங்குக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டார். எனக்குக் காது கேட்காதது அப்போது வசதியாக இருந்தது. ஆனால் அது எனக்கு நன்றாகவே கேட்டது.

நான் உனக்கு எழுதியது கடிதம். உன் அலுவலகத்துக்குக் கொடுத்த வாக்குமூலம் இல்லை. அவருடைய நல்ல குணத்தைச் சொல்லி நான் பெருமைப்பட்டேன். நீ அதையே எடுத்துக் குற்றமாக எழுதிவிட்டாய்.

உன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்கிறார். சொல்லவில்லை.

அண்ணி


ஏப்ரல் 4

அண்ணிக்கு,

நீங்கள் "நாத்தனாருக்கு" என்று எழுதியதை நான் ஏற்றுக்கொள்கிறேன். கடிதத்தில் சொன்னதை எடுத்தாளும் முன் உங்களிடம் வெளிப்படையாகக் கேட்டிருக்க வேண்டும். அதற்கு மன்னிப்பு. எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

என்னைத் திட்டுவதற்கு முன்னால், நான் பார்த்ததை நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நான் சின்ன வகுப்பில் படித்தபோது நீங்கள் ஒரு காகிதக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி மெழுகுவர்த்தியின் மேல் பிடித்தீர்கள். தண்ணீர் இருந்தவரைக்கும் காகிதம் எரியவில்லை. தண்ணீருக்கு மேலே இருந்த விளிம்பு மட்டும் கருகியது. நான் என் வேலையில் கற்றதில் பாதி அந்த மேசையிலேயே முடிந்துவிட்டது. டிரம்மும் அதே கோப்பைதான். எண்ணெய் தொட்டுக்கொண்டிருக்கும் அடிச்சுவரின் சூட்டை எண்ணெய் கொதித்து வாங்கிக்கொள்ளும். மேல் பாதியில் வெறும் வாயு. அந்தச் சுவர் காய்ந்து, சிவந்து, இளகும்.

தானாகவே திறக்கும் பாதுகாப்பு வால்வு இருக்கிறதே என்று அண்ணன் சொல்வார். குக்கரை நினையுங்கள். விசில் அடித்துக்கொண்டே இருந்தாலும் உள்ளே அழுத்தம் குறைவதில்லை, கூடாமல் இருக்கிறது. பாத்திரம் உறுதியாக இருக்கும்வரை அது போதும். பாத்திரமே இளகிக்கொண்டிருந்தால், எப்போதும் தாங்குகிற அழுத்தத்தையே அதனால் தாங்க முடியாது. அதனால்தான் அழுத்தத்தை இறக்க வேண்டும், அதுவும் சுவர் இளகுவதற்கு முந்தி.

என் திரையில் இரண்டு கோடுகள். ஒன்று சுவரின் பலம். இன்னொன்று அதன்மேல் வாயு கொடுக்கும் பாரம். தீ பிடித்ததும் பலக்கோடு கொஞ்சம் பொறுத்து, பிறகு சரியத் தொடங்கும். உடனே அமுக்கினால் பாரக்கோடும் சரிந்து, எப்போதும் ஒரு படி கீழேயே போய்க்கொண்டிருக்கும். நாலைந்து நிமிஷம் கழித்து அமுக்கினால், பாதி வழியில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. முட்டுகிற இடத்தில் டிரம் பிளக்கிறது.

அந்த நேரத்தில் அண்ணன் எங்கே இருப்பார்? அறையில் இருந்தால் கேட்டதும் சொல்லிவிடுவார், தாமதமே இல்லை. தாமதமாகிறது என்றாலே அவர் வெளியில், டிரம்முக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். அவர் ஆட்களைக் காப்பாற்றப் போட்ட வழக்கம், அவர் வெளியே நிற்கிற நாளில் அவரையே எடுத்துக்கொள்ளும். இதைத்தான் பார்த்தேன். இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவா அவர் ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்தார்?

அறிக்கையின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. கூட்டத்தில் அதைப் படித்தார்களா, தெரியாது. அதற்காக எங்கள் அலுவலகத்திலேயே மூன்று பேரோடு சண்டை போட்டேன். "இது பொறியியல் இல்லை" என்றார்கள். வரி இதுதான்: "இந்தப் பொத்தானை அமுக்க யாரையும் கேட்க வேண்டாம். அமுக்கியவரை ஏன் அமுக்கினாய் என்று யாரும் கேட்கக் கூடாது." மேலாளர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன்.

அண்ணனுக்கு எதிராக நான் எழுதியது எதுவும் இல்லை, அண்ணி. முற்றத்தில் யாரும் நிற்கக் கூடாது என்று அவர் சொன்னதைத்தான் காகிதத்தில் கேட்டிருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 19

வாலு,

"அன்புள்ள" என்பதை இன்னும் போடவில்லை, கவனித்தாயா. வழியில் இருக்கிறது, வந்துவிடும்.

உன் கடிதத்தை நான் வாய்விட்டுப் படித்தேன். எனக்குத்தான் காது மந்தமாயிற்றே, சத்தமாகப் படித்தால்தானே எனக்கே கேட்கும். அந்த நேரம் உன் அண்ணன் கூடத்தில் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்வது? காகிதக் கோப்பையில் தொடங்கி இரண்டு கோடு முட்டிக்கொள்கிற இடம் வரைக்கும் படித்தேன். அதுவரை அவர் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. "அண்ணன் எங்கே இருப்பார்" என்ற இடத்தில் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. நிறுத்தினேன்.

"நிறுத்திட்டே?" என்றார் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

"ஏங்க, நீங்க கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"தெருவே கேட்டுக்கிட்டு இருக்கு."

மிச்சத்தையும் படித்தேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். சாப்பிட்டார், படுத்தார். நடுவில் எழுந்து தண்ணீர் குடித்தார்.

நீ கேட்ட அந்த வரி மேலாளர் கையெழுத்தோடு காகிதமாக வந்து, போன வாரத்திலிருந்து அவருடைய மேசை இழுப்பறையில் கிடக்கிறதாம். இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது என் பசை பாட்டிலைக் கேட்டார். எதற்கு என்றேன். "வேணும்" என்றார். கொடுத்தேன். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார். பாட்டில் எங்கே என்று கேட்டால் கை கழுவப் போய்விட்டார். புதுப் பாட்டில் அது.

நான் உன்மேல் கோபப்பட்டதில் பாதி, உன் அறிக்கையை முழுவதும் படிக்காத மாணவியின் கோபம். மீதிப் பாதியை வைத்துக்கொள்கிறேன், என்றைக்காவது தேவைப்படும்.

ஒருவர் கேட்கச் சொன்னார். பெயர் சொல்லக் கூடாதாம். "வால்வைப் பெருசாப் போட்டா இன்னும் சீக்கிரம் காலியாகுமே. அதை விட்டுட்டு மனுஷனை எதுக்கு மாத்தச் சொல்றா?"

பதில் எழுது. சத்தமாகப் படிக்க வசதியாக, பெரிய எழுத்தில்.

அண்ணி


ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணிக்கு, கூடவே பெயர் சொல்லாத ஒருவருக்கும்,

நல்ல கேள்வி. எங்கள் அலுவலகத்தில் முதலில் எல்லாரும் கேட்டது அதுதான்.

பூச்சி மருந்து டப்பாவைத் தொடர்ந்து அமுக்கினால் கையில் டப்பா சில்லென்று ஆகும். அடைத்துவைத்த வாயு அவசரமாக வெளியே போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மணி பழுதாகித் தீயே இல்லாத நாளில், கேள்வி சாருக்கு நடந்த மாதிரி, யாராவது அமுக்கிவிட்டால், பெரிய வால்வு அந்த டிரம்மைக் குளிரவைத்தே விடும். அந்த வகை இரும்பு அதிகக் குளிரில் கண்ணாடி மாதிரி, தட்டினால் உடையும். மெதுவாகப் போனால் தீயில் இளகும், வேகமாகப் போனால் குளிரில் நொறுங்கும். இப்போது இருக்கிற துவாரம் அந்த இரண்டுக்கும் நடுவில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. அதை வைத்தவர் கெட்டிக்காரர். மேலே இருக்கும் குழாயும் அதற்கு மேல் தாங்காது.

ஆக, இரும்பில் மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை. மிச்சம் பிடிக்க முடிந்தது கேட்டுக்கொண்டு நிற்கிற அந்த நேரத்தை மட்டும்தான்.

பசை பாட்டிலுக்குப் பதில் ஒன்று வாங்கி அனுப்புகிறேன். அந்த ஒருவர் நன்றாகத் தூங்குகிறாரா?

வாலு


ஜூலை 12

அன்புள்ள வாலு,

இதைப் படிக்க உட்காரும் முன்பே சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். பக்கத்து அறையில் தூங்குகிறார். ஜன்னலுக்குப் போர்வை போட்டிருக்கிறேன். இடது கையில் கட்டு, புருவம் கொஞ்சம் கருகியிருக்கிறது. முகம் பாதி அழித்த கரும்பலகை மாதிரி இருக்கிறது. அவ்வளவுதான். இப்போது உட்கார்ந்து படி.

முந்தாநாள் பிற்பகல், டிரம்முக்குப் பக்கத்துப் பம்பில் எண்ணெய் பீய்ச்சித் தீப்பிடித்துவிட்டது. நீ கணினியில் வைத்த அதே இடம். உன் அண்ணன் அந்தப் பக்கம்தான் நின்றிருக்கிறார். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். வாக்கி டாக்கி எங்கேயோ விழுந்துவிட்டது. தீயின் சத்தத்தில் தன் இருமலே தனக்குக் கேட்கவில்லை என்கிறார்.

அப்போது தலைக்கு மேலே, உயரக் குழாயின் உச்சியில், பெரிய இரைச்சலோடு தீ எழும்பியிருக்கிறது. யாரோ பொத்தானை அமுக்கிவிட்டார்கள். தான் சொல்லவில்லை என்பது மட்டும் இவருக்குத் தெரியும்.

தீயணைப்பு வண்டிகள் வந்து எல்லாம் அடங்கின பிறகு, கரிப்பிடித்த முகத்தோடு நேராகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போயிருக்கிறார். அங்கே கேள்வி நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். இவர் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா?

"யாரைக் கேட்டு அமுக்கின?"

அந்த முற்றத்தில் கேட்ட அதே வார்த்தை. சொன்ன பிறகுதான் தனக்கே உறைத்தது என்கிறார்.

கேள்வி எழுந்து நின்றாராம். பொத்தானுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டி, "யாரையும் கேட்கல சார். உங்க தங்கச்சி எழுதினது, கேட்காம அமுக்குன்னு சொல்லி நீங்கதானே சார் ஒட்டினீங்க" என்றிருக்கிறார். அப்புறம், "தப்பா சார்?" என்று ஒரு கேள்வி.

உன் அண்ணன் அவரைக் கட்டிக்கொண்டாராம். இதை அவர் என்னிடம் சாதாரணக் குரலில் சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை, "கட்டிப் பிடிச்சு அழுதேன்டீ, போதுமா" என்று கத்தினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

என் பசை எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் வாங்கியதிலேயே நல்ல பசை அதுதான்.

டிரம் பிளக்கவில்லை. மேல்பக்கத்துச் சுவர் ஓர் இடத்தில் லேசாக உப்பி நிற்கிறதாம். உன் அண்ணன் நேற்றுப் போய் அந்த உப்பலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும், "அவளை அந்த நாளை அப்படியே கணக்கில போட்டுப் பார்க்கச் சொல்லு" என்றார். கேள்வியிடமும் கேட்டுவிட்டார், எவ்வளவு நேரத்தில் அமுக்கினாய் என்று. "உடனேதான் சார். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டேன், காகிதத்தைப் படிச்சேன், அமுக்கினேன்" என்றாராம்.

இன்று என் எழுத்து கோணலாக இருக்கிறது. மதிப்பெண்ணைக் கழித்துக்கொள். வாலு, உனக்கு நான் என்ன சொல்வேன். அவர் குறட்டை விடுகிறார். இந்தச் சத்தம் மட்டும் எனக்கு நன்றாகக் கேட்கிறது.

அண்ணி


ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அண்ணன் கேட்டபடி அந்த நாளைக் கணக்கில் போட்டேன். தாமதம் என்ற இடத்தில் "கண்ணாடி துடைக்கும் நேரம், படிக்கும் நேரம்" என்று எழுதினேன். எங்கள் தலைவர் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இரண்டு கோடுகளும் ஒரு இடத்தில் மிக நெருங்கி வந்து, தொடாமல் விலகிப் போகின்றன. நெருங்கி வருகிற இடம்தான் அண்ணன் தொட்டுப் பார்த்த உப்பல். அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

கேட்டுவிட்டு அமுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் ஓட்டினேன். அதை அனுப்பவில்லை. அண்ணன் கேட்டால், இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அதைப் பார்த்தவள் நான் ஒருத்தியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

கேள்வி சாருக்கு என் நன்றியை எப்படிச் சொல்வது? ஒருமுறை அமுக்கிவிட்டு அத்தனை அவமானப்பட்ட விரல். அது மறுபடி அமுக்கியிருக்கிறது. என் திரையில் நொடிக்கு நொடி கணக்குப் போடத் தெரியும். அந்த விரலுக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும் என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை. அண்ணன் தன் கையால் ஒட்டியதால்தான் அது வந்திருக்கும். மேலாளர் கையெழுத்தைப் பார்த்து அவர் அமுக்கியிருக்க மாட்டார்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும், அண்ணி. அண்ணன் கூட்டத்தில் எழுந்து நின்ற நாளிலிருந்து என்னிடம் பேசவில்லை. இப்போதும் உங்கள் வழியாகத்தான் கேட்டார். நான் ஒருமுறை வந்து அவரைப் பார்க்கலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வரவில்லை. குறட்டையை நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குப் போதும்.

வாலு


ஜூலை 29

அன்புள்ள வாலு,

நேற்றுக் கேள்வியையும் அவர் மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். வாசலில் நின்றுகொண்டு, "உள்ள வரலாமா சார்?" என்றார். உன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். உட்காரலாமா என்று ஒரு தடவை, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு தடவை. அவர் மனைவி என்னிடம், "கல்யாணத்தன்னிக்கும் கேட்டாருங்க, பண்ணிக்கலாமான்னு" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

நீ அனுப்பிய படத்தை உன் அண்ணன் சாப்பாட்டு மேசையிலேயே விரித்துக் காட்டினார். இரண்டு கோடும் நெருங்குகிற இடத்தைக் கேள்வி வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைத்தது கண்களை.

சாப்பிட்டு முடிந்ததும், நீ வரலாமா என்று கேட்டதை உன் அண்ணனிடம் சொன்னேன். வழக்கம்போல வாய்விட்டே படித்தேன். மனிதர் எழுந்து போய்விட்டார். எனக்குத் திக்கென்றது. பார்த்தால் பேனாவும் தாளுமாகத் திரும்பி வந்து, கேள்விக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதினார். அவர் கடிதம் எழுதி நான் பார்த்ததே இல்லை. இதோடு இருப்பது அவர் எழுத்து. நான் திருத்தவில்லை.

அண்ணி

வாலு,

அப்படி ஒரு ஆள் உலகத்துலயே இல்லைன்னு சொன்னேன் இல்ல. இருக்கான். என் பக்கத்துல உட்கார்ந்து தண்ணி குடிக்கலாமான்னு கேட்டுக்கிட்டு இருக்கான்.

படம் பார்த்தேன். இன்னொண்ணு அனுப்ப வேண்டாம். எனக்குத் தெரியும். தொட்டுப் பார்த்துட்டேன்.

நீ ஏன் வரலாமான்னு கேட்கிற? சுவத்துல ஒட்டினது உனக்கும் சேர்த்துத்தான். யாரையும் கேட்க வேண்டாம். வா.

குழாய் திரும்பச் சொட்டுது.